பதினைந்தும் முடிந்த கார்ட்டுகள்

போன மாதம் ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு வந்து சோற்றில் கை வைத்த நேரம் போன் அடித்தது. எனக்குப் போன் அடித்தாலே பயம். யாருக்கு என்னவோ என்றுதான் முதலில் வரும். எடுத்தால், நான் முப்பத்தொரு வருடம் வேலை செய்த பல் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கிற ஒரு பிள்ளை. என்னைக் கண்டதில்லை. ஆனாலும் எல்லோரையும் போல அவளுக்கும் நான் காக்காதான், அண்ணன் முறை.

"காக்கா, அலுமாரியத் துப்பரவாக்கக்குள்ள உங்கட பழைய கொப்பி ஒண்டு கிடைச்சிச்சு. குளிசை ஆராய்ச்சிக் கொப்பி. ஒரு ஆள் கூட மிச்சம் வெக்காமப் போட்டிருக்காங்க. எப்பிடிக் காக்கா? நாங்க இப்ப செய்ற ஆராய்ச்சிக்குக் கார்ட்டப் போன்ல போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றம். பாதிப் பேர்ர கார்ட்ல பாதிக் குளிசை அப்பிடியே கிடக்கு. டொக்டர் மிஸ் சொல்றா, அந்தக் காலத்துல காக்கா நல்லா விளங்கப்படுத்தியிருப்பார் எண்டு."

அவளே தொடர்ந்தாள்.

"ஆனா முப்பத்தெட்டாவது ஆளோட நிண்டு போச்சே, ஏன் காக்கா?"

"மிச்சம் இருந்தா மிச்சம் எண்டே எழுதுங்க மகள்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சோற்றை மூடிவிட்டுக் கை கழுவினேன். பிள்ளை கேட்டது இரண்டு கேள்வி. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். வாயால் சொல்ல எனக்கு வராது. எழுதினால் வருமோ என்று பார்க்கிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வாப்பா கரைவலைக்குப் போனவர். அவருக்குக் கால் ஏலாமல் போனதும் நான் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினேன். இருபத்தொன்பது வயதில்தான் ஆஸ்பத்திரியில் சிற்றூழியனாக எடுத்தார்கள், பல் கிளினிக்கில் போட்டார்கள். முதல் வருடங்களில் கற்றதைச் சொல்லப் போனால் கொஞ்சம்தான்: குறடுகளைக் கழுவி அவிப்பது, இரத்தம் துப்புகிற கிண்ணத்தைக் கழுவுவது, ஊசியைக் கண்டு மயங்குகிறவனின் காலைத் தூக்கிப் பிடிப்பது. மிச்சமெல்லாம் பயந்து பயந்து கற்றது. அவிக்கிற பெட்டியை நிற்பாட்டினேனா என்று பாதி வழியில் நினைத்து, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து பார்த்த நாட்கள் எத்தனையோ. ஒரு நாளும் அது எரிந்துகொண்டிருக்கவில்லை. ஆனாலும் திரும்பி வருவேன்.

ஓய்வு பெற எட்டு வருடம் இருக்கிறபோது அந்த டொக்டர் சேர் வந்தார். மலைநாட்டுப் பக்கத்தவர். மெலிந்த ஆள், குரல் அதைவிட மெலிசு. நாங்கள் அதுவரைக்கும் கண்ட டொக்டர்மார் நோயாளியிடம் ஒரு கேள்வியை ஒரு தரம் கேட்பார்கள். இவர் மூன்று விதமாகக் கேட்பார். "முட்டு வருத்தம் இருக்கா?" என்று ஆஸ்துமாவைக் கேட்பார். இல்லை என்றால், கொஞ்ச நேரம் பல்லைப் பார்த்துவிட்டு, "மழைக்காலத்துல நெஞ்சு இழுக்குமா?" என்பார். அதற்கும் இல்லை என்றால், ஊசியைக் கையில் எடுத்த பிறகு, "வீட்டுல யாருக்கும் பம்ப் வாங்கி வெச்சிருக்கா?" என்று கதையோடு கதையாகக் கேட்பார். மூன்றாவது கேள்வியில் ஒருத்தர் இரண்டு பேர் மாட்டுவார்கள். அப்போதும் முகம் மாறாது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு எழுதுவார்.

பிழையாக எழுதினால் அழிக்க விடமாட்டார். "அழிச்சா பிழை போயிராது காக்கா. ஒரு கோடு போடுங்க, கீழ இருக்கிறது தெரியணும். பக்கத்துல சரியானதை எழுதிக் கையெழுத்து வைங்க." நான் எழுதுகிற ஆளா? என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். அதையும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கிட்டப் பிடித்து, முழுதாக வாசிப்பார்.

அவர்தான் அந்த ஆராய்ச்சியைக் கொண்டு வந்தார். ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்தது. கொடுப்புப் பல், அதாவது கடைவாய்ப் பல், பிடுங்கினவர்களுக்கு நோவுக் குளிசை, வலி மாத்திரை, கொடுப்பது. குளிசை இரண்டு வகை, ஒன்று சாதாரணம், மற்றது கடுமையானது. எது நோவை நன்றாகக் கேட்கிறது, எது உடம்புக்குக் கூடாமல் போகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. குளிசை அட்டையைத்தான் கார்ட் என்போம், ஒரு கார்ட்டில் பதினைந்து. கார்ட்டில் பெயர் இல்லை, நம்பர் மட்டும்தான். எந்த நம்பருக்குள் எந்தக் குளிசை என்று சேருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒவ்வொரு நம்பருக்கும் ஒட்டின கவர் ஒன்று இரும்பு அலுமாரிக்குள் இருந்தது. ஆளுக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் அதை வெட்டலாம். அலுமாரியைப் பூட்டின திறப்பு சேரின் காற்சட்டைப் பையில்.

என் வேலை இவ்வளவுதான். ஆளைச் சேர்க்க முதல் ஒரு தாளில் உள்ள கேள்விகளைக் கேட்பது. முட்டு உள்ளவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் சேர ஏலாது. சேர்ந்தவர்களுக்கு, நாளைக்கு மூன்று, சாப்பிட்ட பிறகு, ஐந்து நாள் என்று சொல்லிக் கொடுப்பது. ஆறாம் நாள் கார்ட்டை வாங்கி, எண்ணி, கொப்பியில் எழுதுவது. வந்து போகிறதுக்காக ஆளுக்கொரு டூத் பிரஷும் பேஸ்டும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

முதல் கிழமைகளில் வந்த கார்ட்டுகளில் ஏழு மிச்சம், ஒன்பது மிச்சம். நோவு இரண்டாம் நாளோடு போய்விடும். நோவில்லாதவன் எதற்குக் குளிசை விழுங்குவான்? சேர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "ஒன்பது எண்டா ஒன்பது எண்டு எழுதுங்க" என்றார். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. ஒரு நாள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மெடம் வந்து கொப்பியைப் புரட்டினா. "மிச்சம் கூடுதல்தான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு டீயைக் குடித்தா. அவ்வளவுதான் சொன்னது. நான் அதைப் பொத்துவில் தாண்டிக் காட்டுக்குள் ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்கு இடமாற்றம் கிடைத்த கடிதம் போல வீட்டுக்குச் சுமந்துகொண்டு வந்தேன். எட்டாம் வகுப்புக்காரனிடம் கொடுத்தால் இப்படித்தான் என்று நினைத்திருப்பாவோ? அவன் சரியாகச் சொல்லிக் கொடுக்கிறதில்லை என்று எழுதியிருப்பாவோ?

அடுத்த நாளிலிருந்து நான் ஒரு சட்டம் போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை.

"வெறுங் கார்ட்தான் கொண்டு வரணும். ஒண்டு மிச்சம் இருந்தாலும் பிரஷ் இல்ல."

மிச்சத்தோடு வந்தவர்களுக்கு ஏசினேன். கியூவில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஏசினேன். "அரசாங்கம் மருந்து தாறது வெச்சு அழகு பாக்கவா?" என்று கேட்டு ஒரு கிழவரைத் திருப்பி அனுப்பினேன். அவர் மறுநாள் வெறுங் கார்ட்டோடு வந்தார். ஒரே நாளில் எட்டுக் குளிசை எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. பிரஷைக் கொடுத்தேன். முன்னே மிச்சம் என்று எழுதின பக்கங்களையும், "சரியாக எண்ணப்படவில்லை" என்று சொல்லி, மிச்சமில்லை என்றே புதுக் கொப்பிக்கு மாற்றிக்கொண்டேன். அந்தக் கொப்பியைத்தான் இப்போது பிள்ளை கண்டெடுத்திருக்கிறாள்.

சேர் ஒரு நாள் கார்ட்டுகளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"எல்லாரும் முடிச்சிட்டாங்களா?"

"ஓம் சேர்."

"நோவு போன பிறகுமா?"

"நல்லா விளங்கப்படுத்தினன் சேர்."

என் முகத்தைப் பார்த்தார். மூன்றாவது கேள்வி வரும் என்று நின்றேன். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். அவர் கையுறையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்த மனிசன் மூன்று தரம் கேட்காத ஒரே கேள்வி அதுதான்.

முப்பத்தெட்டாவது ஆள் ஜெஸீமா. நாற்பது வயதிருக்கும். கீழ்க் கொடுப்புப் பல் பிடுங்க வந்தவ. துணைக்குத் தங்கச்சி நஸீறா வந்திருந்தா. பாலர் பாடசாலையில் டீச்சர், புருஷன் கட்டாரில், ஒரு மகள். எங்கள் ஊர்களில் பெண் பிள்ளைகளுக்கு வளவைப் பங்கு போட்டு வீடு கட்டிக் கொடுப்பதால் அக்காவும் தங்கச்சியும் ஒரே வளவில்தான் இருப்பார்கள். இவர்களும் அப்படித்தான். இரண்டு வீடு, ஒரு கிணறு, ஒரு வாசல் கேற்.

நஸீறாவுக்கும் பல் நோவு. கியூவில் இருந்தே கதையைத் தொடங்கிவிட்டா.

"காக்கா, ராத்தாக்கு மட்டும் நல்ல குளிசை, பிரஷ், பேஸ்ட். எனக்கு ஒண்டுமில்லையா? நானும் இந்த ஊர் ஆள்தானே?"

நான் தாளை எடுத்துக் கேட்டேன். முட்டு என்ற இடத்தில், "அது சின்ன வயசுல இருந்தே இரிக்கி" என்றா.

"அப்ப ஏலாது. உங்களுக்கு இந்தக் குளிசை கூடாது."

"முட்டு இரிக்கிறவக்குப் பல்லு நோவாதா காக்கா? நெஞ்சு இழுக்கக்குள்ள பல்லு பேசாம இருக்குமா?"

கியூ முழுக்கச் சிரித்தது. ராத்தா, அக்கா ஜெஸீமா, அவவின் கையில் கிள்ளினா. நானும் சிரித்திருக்கலாம். "சட்டம் எண்டா சட்டம்" என்றேன். சேர் அவவைப் பார்த்து, பல்லை அடைக்க அடுத்த கிழமை நாள் கொடுத்து, சாதாரண குளிசை எழுதிக் கொடுத்தார். கடையில் மற்ற நோவுக் குளிசை ஒன்றும் வாங்கிப் போட வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார். ஜெஸீமாவுக்கு நான் கார்ட்டைக் கொடுத்தேன். கொடுக்கும்போது சொன்னது இன்றைக்கும் காதில் கிடக்கிறது.

"ஆறாம் நாள் வெறுங் கார்ட். மிச்சத்தோட வந்தா என்ட வாயைத் தெரியும்தானே?"

"தெரியும் காக்கா, தெரியும்."

நாலாம் நாள் காலை பஞ்சு எடுக்க ஸ்டோருக்குப் போகிற வழியில் அவசர சிகிச்சை அறை வாசலில் ஓட்டோ ஒன்று நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தால் கட்டிலில் நஸீறா. உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தா. உதடு நீலம். முகத்தில் புகை மாஸ்க். அங்கிருந்த இளம் பெண் டொக்டர் ஊசி ஏற்றிக்கொண்டே ஜெஸீமாவிடம் கேட்டா:

"இண்டைக்குப் புதுசா என்ன மருந்து போட்டவ? நோவுக் குளிசை என்னவும்?"

"ஒண்டுமில்ல மிஸ்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒண்டும் போடல்ல மிஸ்."

அப்போதுதான் ஜெஸீமா என்னைக் கண்டா. கண்டதும், நான் ஒன்றும் கேட்க முதலே, சொன்னா: "காக்கா, நான் எல்லாக் குளிசையும் ஒழுங்காப் போட்டுட்டு வாறன்."

தங்கச்சி மூச்செடுக்க ஏலாமல் கிடக்கிறா, இவ என்னிடம் குளிசைக் கணக்குச் சொல்கிறா. எனக்கு விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் கேட்டேன், "தங்கச்சிக்குக் குடுத்தீங்களா?" என்று. "இல்ல காக்கா" என்றா. அந்த "இல்ல"வைப் பிடித்துக்கொண்டு நான் பஞ்சோடு கிளினிக்குக்கு வந்துவிட்டேன்.

மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பதுக்கு இன்னும் பத்து நிமிடம். குறடுகளை ஒழுங்குபடுத்தினேன். ஒழுங்காக இருந்ததைத் திரும்ப ஒழுங்குபடுத்தினேன். சேர் ஒருவருக்கு விறைப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். அது முடியட்டும் என்று நினைத்தேன். அது முடிந்தது. பல்லும் வரட்டும் என்று நினைத்தேன். குடுக்கல்ல என்றுதானே சொன்னா? முட்டுக்காரிக்கு முட்டு வருவது புதினமா? நான் போய்ச் சொல்லி, சும்மா ஒரு பிரளயம் கிளம்பி, பிறகு பிரஷ் கதையும் வெளியே வந்தால்? சேரிடம் நான் வாய் திறந்தபோது மணி ஒன்பது இருபது.

ஒரு வசனம் கூட முடிக்கவில்லை. "சேர், அந்த முப்பத்தெட்டாம் நம்பர்ர தங்கச்சி..." என்றேன். அவர் அலுமாரியைத் திறந்து, கவரை வெட்டி, தாளைப் பார்த்தார். பிறகு ஓடினார். அந்த மனிசன் ஓடி நான் அன்றுதான் கண்டேன்.

கடுமையான குளிசைதான். முட்டு உள்ளவர்களில் சிலருக்கு நெஞ்சை அடைக்கிற வகை.

ஜெஸீமாவிடம் அவர் "குடுத்தீங்களா" என்று கேட்கவில்லை. "எத்தனை குடுத்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். அவ உடைந்துவிட்டா.

"ரெண்டு சேர். எனக்கு நோவு நிண்டுட்டு. அவ இரவெல்லாம் பல்லைப் பிடிச்சிக்கிட்டு அழுதவ. குப்பையில போட மனம் வரல்ல. ஒண்டு கேக்காது எண்டு ரெண்டையும் ஒண்டாப் போட்டுட்டா. காக்கா ஏசுவார் எண்டு..."

சேர் என் பக்கம் திரும்பவும் இல்லை.

தொண்டைக்குள் குழாய் விட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்கு முதல் நஸீறா மௌத்தாகிவிட்டா. ஜனாஸாத் தொழுகைக்குப் பள்ளிவாசல் நிறைந்திருந்தது. நான் கடைசி வரிசையில் நின்றேன்.

பிறகு ஒரு நாள் அந்த அவசர சிகிச்சை டொக்டரிடம் கேட்டேன், அரை மணித்தியாலம் முந்திச் சொல்லியிருந்தால் என்று. "நாங்க குடுத்த மருந்து எப்பிடியும் அதுதான் காக்கா. முந்தித் தெரிஞ்சிருந்தா கொஞ்சம் கெதியா அனுப்பியிருப்பம். பிழைச்சிருப்பாவா எண்டு சொல்ல ஏலாது" என்றா. சொல்ல ஏலாது. ஏலும் என்று சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன், ஏலாது என்று சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். இது இரண்டுமில்லை. இதை எங்கே கொண்டு போய் வைப்பது?

சேர் என்னை எதிரில் இருக்க வைத்து எல்லாவற்றையும் கேட்டு எழுதினார். பிரஷ், ஏச்சு, புதுக் கொப்பி, ஒன்பதுக்குப் பத்து, ஒன்பது இருபது.

"சேர், பிரஷ் கதைய மட்டும் விடேலாதா? மூணு புள்ள எனக்கு."

பேனையை வைத்தார். "உங்கட பேர் போகும். என்ட பேரும் போகும். இதை நாங்க எழுதாட்டி, வேற ஒரு ஊர்ல, வேற ஒரு நல்ல மனுசன், கணக்கு வடிவா வரணும் எண்டு இதையேதான் செய்வார்." பிறகு கடைசியில் தன் பங்குக்கு ஒரு வரி எழுதி வாசித்துக் காட்டினார்: வெறுங் கார்ட்டுகளைக் கண்டு சந்தேகம் வந்தது, இரண்டு தரத்துக்கு மேல் கேட்கவில்லை.

ஆராய்ச்சியை நிறுத்திவிட்டார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. அவருக்கு என்ன வந்தது என்று தெரியாது. ஆறு மாதத்தில் மாறிப் போனார்.

அதற்கு முதல், முப்பத்தெட்டு வீட்டுக்கும் போய் உண்மையான எண்ணிக்கையை எடுத்து வரச் சொன்னார். போனேன். ஒரு வீட்டில் குளிசைகள் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில், வருகிற போகிறவர்களுக்குத் தலையிடிக்குக் கொடுக்க. ஒருவர் வயலில் வேலைக்கு வந்தவர்களுக்குப் பகிர்ந்திருந்தார். நான் திருப்பி அனுப்பின கிழவர் சொன்னார்: "ஆட்டுக்குக் குடுத்தன் தம்பி. ஆடு நல்லாத்தான் இரிக்கி. பிரஷும் நல்ல பிரஷ்." பதினைந்தையும் விழுங்கினவர்களை விரல்விட்டு எண்ணலாம். எத்தனை வீட்டில் எத்தனை நஸீறாக்கள் தப்பியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே சைக்கிளை மிதித்தேன்.

ஜெஸீமாவின் வீட்டைக் கடைசியாக வைத்திருந்தேன். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து மறுநாள். நஸீறாவின் வீடு பூட்டிக் கிடந்தது. அவவின் மகள் கிணற்றடியில் தண்ணீர் அள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள். அக்கா தங்கச்சி இருவரின் உம்மா விறாந்தையில் பாயில் இருந்து குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டு சலாம் சொல்லி, தேத்தண்ணி தரச் சொன்னா.

"அவட நஸீபு அவ்வளவுதான் மகன். முட்டு எண்டு ஒண்டு, சின்ன வயசுல இருந்து கூடவே வந்திச்சு, கூட்டிக்கிட்டுப் போயிட்டு."

அவவுக்கு ஒன்றும் தெரியாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் எழுதினது ஆஸ்பத்திரியில் இருந்தது. இந்த வளவுக்குள் தெரிந்த ஆள் ஜெஸீமா மட்டும். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தேன். ஜெஸீமா கேற் வரைக்கும் வந்தா. ஆள் பாதியாகிப் போயிருந்தா. முந்தானையில் முடிந்து வைத்திருந்த கார்ட்டை எடுத்து என் கையில் வைத்தா.

"எண்ணிப் பாருங்க காக்கா. ஆறு நான். ரெண்டு அவ. ஏழு மிச்சம்."

எண்ணினேன். ஏழு.

"ஒண்டு கேக்கணும் காக்கா. அண்டைக்கு நான் இந்த ஒன்பதையும் மிச்சமாக் கொண்டு வந்து, நோவு நிண்டுட்டு, இனி வேணாம் எண்டு சொல்லியிருந்தா, ஏசியிருப்பீங்களா?"

இல்லை என்று சொல்லலாம். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு விளங்கியது, அது எனக்குத்தான் ஆறுதல். நான் ஏசியிருக்க மாட்டேன் என்றால், பயந்த பிழை முழுக்க அவவின் தலையில்.

"ஓம்" என்றேன். "ஏசியிருப்பன். எல்லாருக்கும் முன்னால ஏசியிருப்பன்."

அவ கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றா. அழவில்லை.

"நாற்பது நாளா உம்மாட முகத்தைப் பாக்க ஏலாம இரிக்கன் காக்கா. தனியச் சொல்ல எனக்கு வாய் வரல்ல. நீங்க சொல்லுங்க. என்ட பேரையும் சொல்லுங்க, உங்கட பேரையும் சொல்லுங்க."

சைக்கிளை மதிலில் திரும்பச் சாத்தினேன். செருப்பைக் கழற்றினேன். அவ முன்னால் போனா, நான் பின்னால் போனேன்.

உம்மா குர்ஆனை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தா.

"என்ன மகன், என்னவும் மறந்திட்டுப் போறீங்களா?"

"ஓம் உம்மா" என்று சொல்லி, பாயின் ஓரத்தில் நிலத்தில் இருந்து, கார்ட்டை அவவுக்கு முன்னால் வைத்தேன்.